போர்ட் 8என் ட்ராக்டரில் ஸ்நோ புளோவர் பூட்டலாமா?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒன்ராறியோவில் ஓவன் சவுண்டுக்குத் தெற்கே, ஒதுக்குப்புறமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். கராஜ் வாசலிலிருந்து தெருவரை 150 மீற்றர் சரளைக்கல் பாதை. அயலில் இருக்கும் முதியவர் தன்னுடைய 1951 போர்ட் 8என் ட்ராக்டரையும், அதன் பின்னால் பூட்டும் ஸ்நோ புளோவரையும் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். ட்ராக்டர் எனக்குப் புதிது. இதை நம்பிக் குளிர்காலத்தைக் கடத்தலாமா?"

கடத்தலாம் தம்பி. ஆனால் அது எதில் கெட்டி, எதில் முரண்டு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நானும் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். ஒரு 8என்னோடு ஐந்து குளிர்காலம் பாதை வழித்தேன். பிறகு மெசி பெர்கசன் 135 ஒன்றுக்கு மாறினேன். இரண்டிலும் பட்டறிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், ஸ்நோவை அள்ளித் தூர எறியும் புளோவர்தான் வேண்டுமா, பின்னால் ஒரு பிளேடைப் பூட்டித் தள்ளினால் போதாதா என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். உங்கள் இடத்துக்குப் போதாது. ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் உறையாமல் திறந்து கிடக்கும்வரை, வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் கொட்டும். ரொறன்ரோவில் வெயில் அடிக்கிற நாளில் இங்கே முழங்காலளவு விழுந்திருக்கும். பிளேடால் தள்ளும் ஸ்நோ பாதையின் இரு கரையிலும் வரம்பாகக் குவிகிறது. அடுத்த காற்றுக்கு அந்த வரம்பே தடுப்பாகி, வயலில் பறந்துவரும் தூளையெல்லாம் பாதைக்குள் இறக்கும். தை மாதக் கடைசியில் பாதை ஒடுங்கி, தள்ள இடமில்லாமல் நிற்பீர்கள். புளோவர் அள்ளி வயலுக்குள் தூர எறிந்துவிடும், வரம்பு எழும்பாது.

இனி ட்ராக்டர். 8என் 1947 முதல் 1952 வரை வந்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் உதிரிப்பாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. 120 கன அங்குல, நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். புதிதாக இருந்தபோது 25 குதிரைவலுவை ஒட்டித் தந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்தக் குதிரைவலுவைத்தான் விசாரிப்பார்கள். உங்கள் 150 மீற்றருக்கு அந்த வலு போதும். 8என்னின் சிக்கல் அதன் வேகத்தில் இருக்கிறது.

எஞ்சினின் விசையைப் பின்பக்கம் வெளியே எடுத்துக் கொடுக்கும் தண்டை பி.ரி.ஓ. என்பார்கள். புளோவர் சரியாக எறிய அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 தரம் சுற்ற வேண்டும். 8என்னில் அதற்கு எஞ்சினைக் கிட்டத்தட்ட 2,000 சுற்றுக்கு ஏற்ற வேண்டும். எஞ்சின் அந்தச் சுற்றில் ஓடும்போது முதல் கியரிலேயே ட்ராக்டர் மணிக்கு 6 கிலோமீற்றரை நெருங்கும். ரிவர்ஸ் கியர் ஒன்றுதான். அதுவும் மனிதர் நடக்கிற வேகத்துக்குக் குறையாது. பின்னால் பூட்டும் புளோவரை ரிவர்ஸில் போய்த்தானே வேலை வாங்குகிறோம்? அங்கேதான் இடிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 சென்ரிமீற்றர் அகலப் புளோவர், 30 சென்ரிமீற்றர் ஆழம், மணிக்கு 5 கிலோமீற்றர் வேகம். நிமிடத்துக்கு 37 கன மீற்றர் ஸ்நோ உள்ளே போகும். புதிதாக விழுந்த மென்மையான ஸ்நோ கன மீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலே நிமிடத்துக்கு 4 தொன்னை நெருங்குகிறது. காற்று அடித்து இறுக்கிய திட்டு என்றால் அது இரண்டு மடங்குக்கும் மேல் போகும். 25 குதிரைவலு எஞ்சின் அங்கே மூச்சுத் திணறி நின்றுவிடும். அதே புளோவர் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றரில் ஊர்ந்தால் நிமிடத்துக்கு ஒரு தொன் சொச்சம்தான். எஞ்சின் பாடிக்கொண்டே செய்யும். 8என்னுக்கு அந்த ஊரும் கியர் கிடையாது. ஷேர்மன் என்றொரு துணைக் கியர்பெட்டி பூட்டிய 8என்கள் உண்டு, அது வேகத்தைக் குறைக்கும் என்று யாராவது சொல்லலாம். குறைக்கும்தான். ஆனால் அது பிரதான கியர்பெட்டிக்கு முன்னால் இருக்கிறது. சில்லோடு சேர்த்து பி.ரி.ஓ.வின் சுற்றையும் குறைத்துவிடும். ஸ்நோ எறிகிற வேலைக்கு அதனால் பயனில்லை.

இரண்டாவது சிக்கலும் இதோடு பிணைந்தது. 8என்னில் பி.ரி.ஓ. கிளச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. கிளச்சை மிதித்தால் சில்லும் நிற்கும், புளோவரும் நிற்கும். புளோவரைத் தாங்கும் பின் கைகளை ஒயில் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ரோலிக் பம்பும் அதே தண்டில்தான் ஓடுகிறது, அதுவும் நிற்கும். ஆழமான திட்டுக்குள் புகுந்து எஞ்சின் திணறும்போது கால் தன்னால் கிளச்சுக்குப் போகும். போனதும் வாய் நிறைய ஸ்நோவோடு புளோவர் நின்றுவிடும். கிளச்சை விட்டால் நிறைந்த வாயோடு மறுபடி சுற்றத் தொடங்க வேண்டும். அப்போதுதான், பாரம் மிஞ்சினால் அறுவதற்கென்றே போட்டிருக்கும் ஷியர் போல்ட் அறும்.

இதற்கு நான் கைக்கொண்ட முறை இது. ஒரு முழு அகலத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள். பாதி அகலம், ஆழமென்றால் மூன்றில் ஒன்று. எஞ்சினை முழுச் சுற்றில் வைத்து ஒரு மீற்றர் பின்னால் புகுந்து, எஞ்சின் சத்தம் தாழத் தொடங்கும் முன்பே கிளச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, உடனே கிளச்சை விடுங்கள். சில்லு நிற்கும், புளோவர் மறுபடி சுற்றும். ஸ்நோவை எறியும் குழாயிலிருந்து வரும் வெள்ளைத் தாரை மெலிந்து காற்றுப்போல ஆகும்வரை பொறுத்து, மறுபடி ரிவர்ஸ். புகு, நிறுத்து, துப்பவிடு, புகு. 150 மீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் விழுந்த நாளில் எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. காதுதான் இந்த வேலைக்கு முக்கியம். எஞ்சின் சத்தத்தைக் கேட்கப் பழகிவிட்டால் போல்ட் அறுவது பாதியாகக் குறையும்.

மெசி 135க்கு மாறியதும் முதல் நாளே புரிந்தது ஏன் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள் என்று. அதில் இரட்டைக் கிளச். பாதி மிதித்தால் சில்லு மட்டும் நிற்கும், பி.ரி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும், முழுக்க மிதித்தால்தான் இரண்டும் நிற்கும். ரிவர்ஸிலும் தாழ்ந்த கியர், உயர்ந்த கியர் என்று இரண்டு உண்டு. தாழ்ந்ததில் போட்டால் ஆமைபோல ஊரும். 1960களின் நடுவில் வந்த ட்ராக்டர்தான், அதுவும் கிழட்டு இயந்திரம்தான், ஆனால் ஸ்நோவுக்கு இந்த இரண்டு குணமும் போதும். எல்லா 135இலும் இரட்டைக் கிளச் இருக்காது. பார்க்கப் போனால் பி.ரி.ஓ.வை ஓடவிட்டுப் பாதி மிதித்துச் சோதியுங்கள்.

கிளிநொச்சியில் மாமாவின் வயலில் நான் முதன்முதலாக ஏறியதும் ஒரு சிவப்பு மெசிதான், 35. வயலுக்குள் சேறு கலக்கிய அந்த உழவு இயந்திரத்தை ரொறன்ரோவில் தலைமையகம் வைத்திருந்த ஒரு கொம்பனி விற்றது என்று அன்று எனக்குத் தெரியாது. 1953இல் கனடாவின் மெசி ஹரிஸும் ஹரி பெர்கசனின் கொம்பனியும் ஒன்றாகின, அதிலிருந்துதான் பிறகு மெசி பெர்கசன் என்ற பெயர் வந்தது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கொம்பனியும் அதே பெயரில்தான் ட்ராக்டர் செய்தது. உங்கள் 8என்னுக்கும் பெர்கசனோடு உறவுண்டு. பின்னால் மூன்று புள்ளியில் கருவியைத் தாங்கும் முறை அவருடையது. 1938இல் ஹென்றி போர்டும் அவரும் கைகுலுக்கிச் செய்த உடன்பாட்டில் அது போர்ட் ட்ராக்டருக்குள் வந்தது. உடன்பாடு முறிந்தபின் 8என் வெளிவந்தது. அதன்மேல் பெர்கசன் போட்ட வழக்கு 1952இல் 92.5 இலட்சம் டொலரில் முடிந்தது. நீங்கள் பூட்டப்போகும் புளோவர் தொங்குவது அந்த மூன்று புள்ளியில்தான்.

8என்னையே வாங்குவதென்றால் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அதன் பி.ரி.ஓ. தண்டு 1 1/8 அங்குலம். பிற்காலப் புளோவர்கள் எல்லாம் 1 3/8 அங்குலத் தண்டுக்குச் செய்தவை. இடையில் ஒரு அடப்டர் வேண்டும். வெறும் அடப்டர் வாங்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்து மறுபக்கம் வழுகும் கப்ளிங்கோடு சேர்ந்ததை வாங்குங்கள். சைக்கிளின் பின்சில்லில் இருக்கும் பிரீவீல் செய்கிற வேலைதான். அது இல்லாவிட்டால், நீங்கள் கிளச்சை மிதித்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் புளோவர் விசிறி, தண்டு வழியாகச் சில்லை உந்தும். கராஜ் கதவுக்கு ஒரு மீற்றர் முன்னால் நிறுத்த நினைத்த ட்ராக்டர் கதவைத் தொட்டுத்தான் நிற்கும். புல் வெட்டும் பெரிய கருவிகளில் இந்த உந்தல் இன்னும் பயங்கரம்.

அந்தக் கப்ளிங் பூட்டியதும் தண்டின் நீளம் கூடிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்தான் அந்தத் தண்டு. புளோவரைத் தூக்கும்போது ஒரு கட்டத்தில் இடைவெளி குறைந்து, உள்குழாய் அடிவரை போய் இடிக்கும். இடித்தால் முன்னால் இருக்கும் பெயாரிங் உடையும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, புளோவரை மேலும் கீழும் கொண்டுபோய், எந்த நிலையிலும் சில சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கும்படி இரண்டு குழாயையும் ஒரே அளவாக அறுத்து, பிசிறை அரத்தால் ராவி, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள்.

அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. ரிவர்ஸில் போகும்போது புளோவர் வழித்த இடத்தில்தான் பின்சில்லு உருள வேண்டும். புளோவர் ஒடுக்கமாக இருந்தால் சில்லு வழிக்காத ஸ்நோவில் ஏறிச் சறுக்கும். 8என்னின் சில்லுகளை உள்நோக்கித் திருப்பிப் போட்டால் வெளி அகலம் கிட்டத்தட்ட 60 அங்குலத்துக்கு வரும். 60 அங்குலப் புளோவர் அதற்கு அளவாக இருக்கும், அதைவிட அகலத்தை எஞ்சின் தாங்காது. பின்சில்லு இரண்டுக்கும் சங்கிலி கட்டாயம். முன்பக்கத்தில் பாரம் வையுங்கள். ட்ராக்டரின் மொத்த எடையே 1,100 கிலோதான், பின்னால் இரும்பைத் தூக்கியதும் முன்சில்லு லேசாகி ஸ்ரியறிங் பிடிக்காது.

சரளைப் பாதை என்றபடியால் இதையும் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று ஸ்நோவைப் புளோவரால் தொடாதீர்கள். காரையே மேலும் கீழும் ஓட்டி அமுக்கி விடுங்கள். அது கல்லோடு சேர்ந்து உறைந்து தார் போட்டதுபோல ஒரு தளமாகிவிடும். அதன்பிறகும் புளோவரின் அடியிலுள்ள சறுக்குத் தகட்டைக் கீழே இறக்கிப் பூட்டி, புளோவரின் விளிம்பு நிலத்திலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்ந்தே நிற்கும்படி வைத்திருங்கள். குழாயிலிருந்து பறக்கும் ஒரு கல் காரின் கண்ணாடியை உடைக்கும். ஆள் நின்றால் கண்ணை எடுக்கும். ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அந்த மெல்லிய போல்ட் அறுந்துதான் கியர்பெட்டியைக் காப்பாற்றுகிறது. புளோவர் செய்தவர் சொன்ன தரத்தில் ஒரு பிடி வாங்கி, போல்ட் கழற்றும் இரண்டு சாவியோடு சீற்றுக்குக் கீழே ஒரு தகரப் பேணியில் போட்டு வையுங்கள்.

பாதையின் தெருமுனைதான் ஆகக் கடினம். நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது உங்கள் வாசலில் ஒரு மதில் கட்டிவிட்டுப் போகும். உப்பும் ஈரமும் கலந்து, இரண்டு மணி நேரத்தில் சீமெந்துபோல இறுகும். வண்டி போன கையோடு போய் எடுங்கள். ஈர ஸ்நோ குழாயில் ஒட்டாமலிருக்க உள்பக்கம் சமையல் எண்ணெயைத் தெளிப்பேன். அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

என் முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 8என் வாங்குகிற எவரும் இதை அறிந்திருக்க வேண்டும். தை மாதம், வெளியே கழித்தல் 20. எஞ்சின் பிடித்தது. தூக்கும் லீவரை மேலே தள்ளினேன், கைகள் அசையவில்லை. பி.ரி.ஓ. சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி போட்டுக் கிளச்சை விட்டேன். அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பம்ப் போய்விட்டது. வயிற்றடியிலுள்ள ஒயில் மூடியைக் கழற்றினால் ஒன்றும் வரவில்லை. ஆணியால் குத்திப் பார்த்தேன், உள்ளே ஐஸ். கீழே ஒரு ஹீற்றரை வைத்து மத்தியானம்வரை காத்திருந்தபின் முதலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பிறகு ஓட்டமாகத் தண்ணீர், மூன்று லீற்றர் இருக்கும். அதற்குப் பின்னால் வந்த ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கியர், பின்சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷல், ஹைட்ரோலிக் மூன்றுக்கும் 8என்னில் ஒரே தொட்டிதான். கியர் தடியின் அடியிலிருக்கும் றப்பர் வெடித்து, மழையில் நின்ற காலமெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. தண்ணீர் பாரம், அடியில் படியும். பம்பும் அடியில்தான் இருக்கிறது. இரண்டு கிழமை சவளால் பாதை வெட்டினேன். அந்த றப்பர் சில டொலர்தான். புதிதாகப் போடுங்கள், தொட்டியை இலையுதிர்காலத்திலேயே காலி செய்து புது ஒயில் விடுங்கள்.

காலையில் எஞ்சின் பிடிப்பது அடுத்த சோதனை. 8என் 6 வோல்ற், அதுவும் பற்றரியின் நேர்முனை உடம்போடு இணைந்தது. இன்றைய கார்களுக்குத் தலைகீழ். காரிலிருந்து கம்பி போட்டு ஸ்ராட் பண்ணப் பார்க்காதீர்கள். மொத்தமான பற்றரிக் கம்பி, சுத்தமான இணைப்பு, குளிருக்கேற்ற மெல்லிய எஞ்சின் ஒயில், இரவு முழுக்க எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஒரு பிளொக் ஹீற்றர். இவ்வளவும் இருந்தால் 6 வோல்ற்றே போதும். ரேடியேற்றரில் கூலன்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருக்கட்டும். கழித்தல் 37வரை தாங்கும். முந்தைய சொந்தக்காரர் கோடையில் வெறும் தண்ணீர் விட்டிருந்தால் அது உறைந்து எஞ்சின் பிளொக்கே வெடிக்கும்.

பி.ரி.ஓ. தண்டைப் பற்றி நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 540 சுற்று என்பது ஒரு செக்கனுக்கு ஒன்பது. அந்த மெல்லிய தண்டில் துணி நுனி பிடித்தால் ஒரு செக்கனில் ஒரு மீற்றர் சுற்றிவிடும். கத்துவதற்கு முன்பே கழுத்துச் சால்வை முழுக்க உள்ளே போயிருக்கும். தண்டின் மேல் பிளாஸ்ரிக் உறை உடைந்திருந்தால் புதிது வாங்கிப் போடாமல் ஓட்டாதீர்கள். சால்வை வேண்டாம், தொங்கும் நாடா வேண்டாம், ஓடும் தண்டைக் கடந்து கால் வைக்க வேண்டாம். குழாய் அடைத்தால் பி.ரி.ஓ.வை எடுத்து, எஞ்சினை நிறுத்தி, எல்லாம் அசைவற்று நின்றபின் ஒரு தடியால் குத்துங்கள். கை உள்ளே போகவே கூடாது. பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ரிவர்ஸில் போகும்போது ஸ்நோ தூளுக்குள் ஒரு சின்னப் பிள்ளை கண்ணில் படாது. 8என்னில் கவிழ்ந்தால் காக்கும் சட்டம் கிடையாது, ஆகவே வாய்க்கால் கரையை நெருங்காதீர்கள்.

முதியவரிடம் பார்க்கப் போகும்போது, நீங்கள் வருமுன் ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குளிர்ந்த காலையில் போங்கள். எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டி ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். ஸ்ராட் ஆனதும் புளோவரைத் தூக்கச் சொல்லி, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் அவரோடு கதைத்துக்கொண்டு நில்லுங்கள். தூக்கிய கைகள் அதற்குள் இறங்கிவிட்டால் ஹைட்ரோலிக் பிஸ்ரன் வளையம் தேய்ந்திருக்கலாம். அதற்காக வாங்காமல் விட வேண்டாம். செலவைச் சொல்லி விலையில் குறைக்கக் கேளுங்கள்.